ஏழாவது போல்ட்

க்வாக் துமானுக்கு ஐம்பத்தொன்பது வயதாகும்வரை யாருக்கும் தலைகுனிந்து பழக்கமில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார், யாரும் கேட்காமலே. புசானில் யொங்தோத் தீவின் தேப்யொங் கரையில் படகு எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் முப்பது பேராவது இருந்தோம். அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் உண்டு. மொட்டை, நண்டுக்கால், மண்ணெண்ணெய் என்று எல்லாம் வாய்க்கு வந்த பெயர்கள். பெருமையாக ஒரு பெயர் அமைந்தது துமான் ஒருவருக்குத்தான். அவரைத் தராசுக்கை என்போம்.

அந்தப் பெயர் ஒரு பந்தயத்தில் வந்தது. எஞ்சின் பிளாக்கின் மேல் அதன் மூடியான ஹெட்டை உட்கார வைத்துச் சுற்றிலும் போல்ட் முறுக்கும்போது எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று இறுகி இன்னொன்று தளர்ந்தால் நடுவில் இருக்கிற கேஸ்கெட் கிழியும், சிலிண்டருக்குள் தண்ணீர் போகும், எஞ்சின் நின்றுவிடும். அளவு பார்த்து முறுக்க ஒரு ஸ்பேனர் இருக்கிறது. குறித்து வைத்த இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று உள்ளங்கையில் தட்டும். எதிர்க்கடை தேகுன் அதை முதன்முதலாக வாங்கி வந்த அன்று துமான் நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய் தேகுன், எஞ்சின் பூட்டப் போறியா, சில்வண்டு வளக்கப் போறியா?"

"நீ சிரி. உன் கை தப்புற அன்னிக்கு இதுகிட்டதான் வருவ."

"என் கை தப்புச்சுன்னா அன்னிக்கே வெட்டிக் கடல்ல போட்டுடறேன், போ."

பந்தயம் அங்கேயே ஆரம்பித்தது. துமான் வெறும் ஸ்பேனரில் பத்து போல்ட் முறுக்கினார், தேகுன் சில்வண்டு வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். பத்தும் அச்சு அசல் ஒரே அளவு. தோற்ற தேகுன் தெரு முழுவதற்கும் பன்றி எலும்புச் சாறு ஊற்றிய சோறு வாங்கிப் போட்டார். அது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆன பிறகும், தேகுனைப் பார்க்கும் போதெல்லாம் "சில்வண்டு சௌக்கியமா?" என்று கேட்காமல் துமானுக்குப் பொழுது போகாது.

அவர் வாய்க்குத் தப்பாத இன்னொரு ஆள் அவர் மனைவி ஜொம்புன். கரையேற்றிய கப்பல்களின் பக்கவாட்டில் கயிற்றுப் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, சுத்தியலால் துரு தட்டுகிற பெண்களில் அவளும் ஒருத்தி. முப்பது வருடமாகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை இரும்பில் இரும்பு அடிக்கிற வேலை. காது எப்போதோ போய்விட்டது. எதைச் சொன்னாலும் "என்ன?" என்பாள், துமான் உடனே சுற்றியிருப்பவர்களைப் பார்த்துக் கண்ணடித்து, "எங்க செவிட்டு மகாராணி கேக்குறாங்க பாரு" என்பார். எல்லாரும் சிரிப்போம். எதற்கென்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதில் தப்பு இருப்பதாக அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயதான வருடம், தை மாதக் குளிரில் ஒரு காலை, ஜொம்புன் கொதிக்கிற மீன்சாற்றைத் தகரக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். துமான் வலது கையில் ஏந்தியபடி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவள் பாய்ந்து வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

"ஏய்யா, கை வேகுது! உனக்குத் தெரியல?"

உள்ளங்கை தக்காளியாகச் சிவந்திருந்தது. விரல் நுனிகளில் எதுவுமே இல்லை. யாரோ வேறொருவருடைய கையைப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

"காய்ப்புக் காய்ச்ச கைடி, சூடெல்லாம் ஏறாது" என்றார்.

ஜொம்புன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து சாறு மரக்கிண்ணத்தில் வந்தது.

வருடக்கணக்காக, இரும்பைத் தேய்த்துக்கொண்டே அதிர்கிற அரவை எந்திரம் பிடித்த கை. நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்று எந்த மருத்துவரும் சொல்லியிருப்பார். அதனால்தான் துமான் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. கடையில் ஆள் இல்லாதபோது ஒரு நட்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்ப்பார். கண்ணை மூடினால் நட்டு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியாது. தோள்வலி என்று சொல்லி ஒன்றிரண்டு வேலையைத் தட்டிக் கழித்தார். மிச்ச வேலைகளைக் கண் பார்த்தும், பழக்கத்திலும் ஒப்பேற்றினார். தராசில் முள் இல்லை என்பது தராசுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலம் வந்தபோது கில்சூவின் படகு கரையேறியது.

கில்சூவும் அவன் மனைவி மல்யொன்னும் இரண்டே பேராகச் சாவாளை மீன் பிடிக்கிறவர்கள். அவன் தூண்டில் போடுவான், அவள் சுக்கான் பிடிப்பாள். போனால் மூன்று நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு, வேறு ஏதோ ஊரில் யாரோ பூட்டிய எஞ்சின் கொமுன் தீவுக்கு அப்பால் நடுக்கடலில் நின்றுபோனது. ஒன்பது மணி நேரம் அலை அவர்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மல்யொன் ஒரு கயிற்றை எடுத்துத் தன்னையும் புருஷனையும் சேர்த்துப் பாய்மரக் கம்பத்தில் கட்டிக்கொண்டாள். செத்தாலும் இரண்டு உடம்பும் ஒன்றாகக் கிடைக்கட்டும் என்று கட்டினாளாம். கரை சேர்ந்த அன்றைக்கே, இனி இந்த எஞ்சினைத் தராசுக்கை தவிர ஒருத்தரும் தொடக்கூடாது என்று சத்தியம் செய்தாள்.

அந்த எஞ்சினைத்தான் துமான் இந்த முறை அடிமுதல் நுனிவரை பிரித்தார். லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதிது. வேலை நன்றாகத்தான் நடந்தது. திங்கட்கிழமை மத்தியானம் ஹெட் ஏறியது. இருபத்து நான்கு போல்ட். நடுவில் ஆரம்பித்து வெளியே போகிற வரிசையில், மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்றில் ஆறு போல்ட் முடித்து ஏழாவதில் ஸ்பேனரைப் போட்டார்.

போதும் என்று அவருடைய கை சொல்லவில்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் இழுத்தார், அப்போதும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். ஸ்பேனர் சட்டென்று இளகி, கஞ்சியில் கரண்டி போனதுபோலச் சுற்றியது.

போல்ட்டைக் கழற்றி எடுத்துப் பார்த்தார். அதன் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. துளைக்குள் போல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற பிளாக்கின் மரைதான் அது. துளைக்குள் டார்ச் அடித்தார். வார்ப்பிரும்பில் மரை இருந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மரையைப் பிய்த்ததில்லை அவர். துணுக்குகளை உள்ளங்கையில் கொட்டி மூடிக்கொண்டு, திருடன் மாதிரி சுற்றும்முற்றும் பார்த்தார். எஞ்சின் அறையில் அவரைத் தவிர யாருமில்லை.

அதற்குச் செய்ய வேண்டியது அவருக்குத் தெரியாதா? ஹெட்டை இறக்கி, துளையைப் பெரிதாகத் துளைத்து, பெரிய டாப் விட்டுப் புது மரை வெட்டி, அதில் எஃகுச் சுருளை ஏற்றி உட்கார வைத்தால் பழைய மரையை விட உறுதியாக நிற்கும். வெட்கப்பட அதில் ஒன்றுமே இல்லை, எல்லாருக்கும் வருகிற வேலைதான். ஆனால் அந்த அளவுக்கு டாப்பும் சுருளும் எங்கள் கரையில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது, அது தேகுன் கடையில் இருந்தது. போய்க் கேட்டால் அவன் எந்தப் படகு என்பான். எப்படி என்பான். தராசுக்கை எப்படிடா மரையைப் பிய்க்கும் என்பான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவர் கையைப் பார்க்கும்.

அலமாரியில் இரும்புப் பசை இருந்தது. குழாய் ஓட்டை அடைக்கிற பசை. போல்ட்டில் அதை அப்பித் துளைக்குள் திருகி, மெதுவாக உட்கார வைத்தார். இருபத்து நான்கில் இருபத்து மூன்று நன்றாகப் பிடித்திருக்கிறது, ஒன்று போனால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறொருத்தன் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஸ்பேனராலேயே அடித்திருப்பார். மேலே பச்சைப் பெயின்ட்டைத் தடவினார். ஏழாவது மற்றவற்றைப்போலவே இருந்தது.

ஏணியில் கில்சூவின் கால் தெரிந்தது. "முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது."

அதற்குப் பிறகு மூன்று நாளும் அவர்களோடு உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு தின்றார்.

வியாழக்கிழமை நல்ல நாள் என்று படையலுக்குக் குறித்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயைச் செருகி எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். சும்மா ஓடும்போது அதற்கு என்ன, பூனைக்குட்டி போலக் கொர்ரென்றது. கடலில் முழு வேகம் கொடுக்கும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். கில்சூ கைதட்டினான். எஞ்சின் அறை வாசலில் வேகவைத்த பன்றித்தலை, அரிசி மாவுப் பணியாரம், ஒரு பானை அரிசிக் கள் எல்லாம் வைத்தார்கள். தெருக்காரர்கள் பத்துப் பேர் மேல்தட்டில் நின்றோம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எஞ்சினைப் பூட்டியவன்தான் முதல் கிண்ணம் கள்ளை எஞ்சினுக்கு ஊற்ற வேண்டும். வெள்ளை நூல் சுற்றிய முழுக் கருவாட்டை அதற்கு மேலே கட்ட வேண்டும். கட்டும்போது, "பூட்டினது என் கை. குறை இருந்தா என்கிட்டக் கேளு, கடல்ல கேக்காத" என்று எஞ்சினிடம் சொல்ல வேண்டும். துமான் இதை நூறு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறார், பாதி நேரம் பணியாரத்தில் கண் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

கள்ளை ஊற்றினார். நூலைக் கம்பியில் முடிச்சுப் போடப் பார்த்தார். விரல்களுக்கு நூல் அகப்படவில்லை. முடிச்சு நழுவியது. திரும்பப் போட்டார், மறுபடியும் நழுவியது.

"ஊத்துறதுக்கு முன்னாடியே அண்ணனுக்கு ஏறிடுச்சு போல" என்று மேலேயிருந்து யாரோ சொல்லி எல்லாரும் சிரித்தோம்.

மல்யொன் ஏணியில் இறங்கி வந்து அவர் கையிலிருந்து நூலை வாங்கி இரண்டே சுற்றில் கட்டினாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். அவர் காதருகே வந்து, ரகசியம் போலச் சொன்னாள்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்குக் கட்டிக்கிட்டோமே அந்தக் கயிறு, மூணு வருஷமா என் படுக்கைக்கு அடியிலயேதான் வச்சிருந்தேன். நேத்து எடுத்து வீட்டுக் கொல்லையில துணி காயப்போடக் கட்டிட்டேன். உங்க கை பட்ட எஞ்சினுக்கு அது எதுக்குண்ணே?"

எல்லாரும் அந்த வார்த்தைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டினது என் கை என்று சொல்ல வாயைத் திறந்தார். பன்றித்தலை கண்ணை மூடிக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது.

"ஏழாவது போல்ட்டுல மரை இல்ல" என்றார். "பிச்சுட்டேன். பசை வச்சு ஒட்டிப் பெயின்ட் அடிச்சிருக்கேன்."

கில்சூ சிரித்தான். இப்படியும் ஒரு வேடிக்கையா என்று எங்களையெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மல்யொன் சிரிக்கவில்லை.

"எப்போ?"

"திங்கக்கெழம."

"அப்ப முடிஞ்சுதுன்னு சொன்னது?"

துமான் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல போறது நானும் என் புருஷனும்யா!" மல்யொன் கத்திய கத்தலில் மேல்தட்டில் நின்றவர்கள் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டோம். "மூணு நாளா எங்க கூட உக்காந்து சோறு தின்னியே, ஒரு வாய்க்காவது தொண்ட அடைக்கலையா? மரை கழண்டது எஞ்சினுக்கா உனக்கா?" அதுவரை அண்ணே என்று கூப்பிட்டவள். அந்த 'யா' துமானின் கன்னத்தில் அறைந்தது.

கில்சூ ஏணியில் ஏறப் போனான். "நான் போயி தேகுன் அண்ணனக் கூட்டிட்டு வரேன். அவரு பாக்கட்டும்."

"வேணாம்" என்றாள் மல்யொன். "இவரு பிரிச்சத இவருதான் பூட்டணும். சில்வண்டு சில்வண்டுன்னு நக்கல் பண்ணுவாரே, அத வச்சுப் பூட்டட்டும். நான் பக்கத்துலயே நிப்பேன்." கட்டிய கருவாட்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறிப்போனாள்.

படகிலிருந்து தேகுன் கடைக்கு எண்பது அடி இருக்கும். அந்த எண்பது அடியைத் துமான் கடந்ததை எங்களில் யாரும் நேராகப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சிரித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

தேகுன் பம்ப் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சுருள் பெட்டி வேணும். டாப்பும்" என்றார் துமான்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம்... உன் சில்வண்டும் வேணும்."

தேகுன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தார். பிறகு ஸ்பேனரைத் துணியோடு எடுத்து வந்து நீட்டினார்.

"இருவத்திரெண்டு வருஷமா இந்த நாளுக்குன்னு ஒரு பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன்டா. சனியன், இப்பப் பாத்து மறந்துபோச்சு."

"ஞாபகம் வந்தா சொல்லு. நின்னு கேட்டுக்கறேன்."

"பாத்துப் புடி, கடிச்சுடும்" என்றார் தேகுன்.

வெள்ளிக்கிழமை ஹெட் இறங்கியது. ஏழாவது போல்ட்டைச் சும்மா பிடித்து இழுத்தார், பால்பல் மாதிரி பசையோடு கையில் வந்தது. மல்யொன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். துமான் பக்கத்துச் சிலிண்டரில் துணி அடைத்தார். டிரில் சாயாமலிருக்கத் துளையிட்ட இரும்புக் கட்டை ஒன்றை வைத்துக் கட்டி, அதன் வழியாகத் துளைத்தார். டாப்பில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டினார். துணுக்கையெல்லாம் ஊதி எடுத்தார். துளைக்குள் சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் துடைத்தார். எண்ணெய் தேங்கினால் முறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும். சுருளைத் திருகி இறக்கி, அதன் அடியில் இருக்கிற சின்ன நாக்கை ஒடித்துக் காந்தத்தால் வெளியே எடுத்தார். கேட்காமலே அந்த நாக்கை மல்யொன்னிடம் நீட்டிக் காட்டினார். கண் இருந்தால் போதும், விரலுக்கு உணர்வு தேவைப்படாத வேலை அது, நன்றாகவே செய்தார்.

சனிக்கிழமை காலையில் புதுக் கேஸ்கெட் போட்டு ஹெட்டை ஏற்றினார். மத்தியானத்துக்கு முன்பே கடல் ஏறி வெள்ளம் வரும், அதில் படகை இறக்கியாக வேண்டும், பின்னால் இன்னொரு படகு கரையேறக் காத்துக்கொண்டிருந்தது. மல்யொன் ஏணியின் கடைசிப் படியில் நின்றாள். தேகுன் மேலே வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு சுற்று சாதாரண ஸ்பேனரில் மென்மையாக முறுக்கி முடித்துவிட்டு, துமான் சில்வண்டை எடுத்து முதல் போல்ட்டில் மாட்டி இழுத்தார்.

கப்பலைக் கரையேற்றி நிறுத்துகிற பக்கத்துத் தொட்டிலில் ஒரு பெரிய இழுவைக் கப்பல் ஏறியிருந்தது. அதன் இரும்பு உடம்பில் பன்னிரண்டு பெண்கள் தொங்கிக்கொண்டு துரு தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் தன் மூச்சே தனக்குக் கேட்காது.

"தட்டுச்சா?" என்று மல்யொன் கத்தினாள்.

துமான் நிறுத்தினார். தட்டியதா? தட்டியதைத் தாண்டி இழுத்துவிட்டாரா? இன்னும் வரவே இல்லையா? "தெரியல" என்றார்.

"கைல தட்டுமேடா! உள்ளங்கைல குத்துற மாதிரி தட்டும்!" என்று தேகுன் மேலேயிருந்து கத்தினார்.

"கைல ஒண்ணும் தெரியல. பத்து மாசமா தெரியல."

தேகுன் இரண்டு படி இறங்கி வந்து கையை நீட்டினார். "குடு. நான் முறுக்குறேன்."

மல்யொன் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. துமானையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அப்புறம் எஞ்சினுக்கு முன்னால் நின்று, குறை இருந்தா என்கிட்டக் கேளு என்று யார் சொல்வது? துமான் ஸ்பேனரை போல்ட்டிலேயே விட்டுவிட்டு, தேகுனைத் தாண்டி ஏணியில் ஏறி வெளியே போனார்.

கப்பலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பலகை பலகையாகப் பெண்கள், தலையில் துணி, காதில் பஞ்சு. மூன்றாவது பலகையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஜொம்புன்.

"நிறுத்துங்க!" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார். ஓரத்தில் இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். தராசுக்கை கைகால் ஆட்டிக் கத்துவதைப் பார்த்துச் சுத்தியலை நிறுத்தினாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி என்று ஒவ்வொரு சுத்தியலாக அடங்கியது. கடைசியில் ஒரே ஒரு சுத்தியல் மட்டும் டங் டங்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜொம்புன்னுடையது. அவளுக்கு ஒன்றும் கேட்காது, திரும்பவும் இல்லை.

அப்படி அமைதியாகிவிட்ட கரையில், முப்பது கடையும் எட்டிப் பார்க்க, துமான் உரக்கக் கத்த வேண்டியதாயிற்று.

"ஜொம்புன்! என் கை செத்துப்போச்சு! கைல ஒண்ணுமே தெரியல! காதால கேட்டாத்தான் என்னால முறுக்க முடியும்! கொஞ்சம் நிறுத்தும்மா!"

பக்கத்துப் பலகைக்காரி ஜொம்புன்னின் தோளைத் தட்டினாள். ஜொம்புன் திரும்பிக் கீழே பார்த்தாள்.

"என்ன?"

எத்தனை வருடமாக அந்த 'என்ன'வை வைத்து எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் காது மடல்கள் சிவந்துபோயின. வலது கையைத் தூக்கி அவளுக்குக் காட்டி, முதல் தடவை சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் இன்னும் உரக்கச் சொன்னார்.

தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று செவிடர்களுக்குத் தெரியாது. ஜொம்புன் பதில் சொன்னது கரை முழுவதும் கேட்டது.

"கைதான? எனக்குத் தெரியாதாக்கும்! தையிலேருந்து மரக்கிண்ணத்துலதான ஊத்துறேன்! நீயா வாயத் தொறந்து சொல்றதுக்கு இவ்வளவு நாளாய்யா?"

சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களைப் பார்த்து, யாரும் தட்டக்கூடாது என்று விரலை ஆட்டினாள்.

எங்கள் கரை பகலில் அப்படி அடங்கியிருந்ததை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. தொட்டிலுக்கு அடியில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது. துமான் திரும்பி எஞ்சின் அறைக்குள் இறங்கினார். முதல் போல்ட்டைத் தளர்த்தி, மறுபடி மெல்ல இழுத்தார். தலையைச் சாய்த்துக் காதை ஸ்பேனரருகே கொண்டுபோனார்.

க்ளிக்.

"ஒண்ணு" என்றாள் மல்யொன்.

கப்பல் பலகைகளில் பன்னிரண்டு பெண்களும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். துமான் ஏழாவதில் ஸ்பேனரை மாட்டினார். இழுத்தார். சுருள் பிடித்தது. க்ளிக். மல்யொன் உடனே எண்ணவில்லை. இன்னொரு தடவை என்று கண்ணால் காட்டினாள். மறுபடி இழுத்தார். போல்ட் இம்மியும் நகராமல் க்ளிக் என்றது.

"ஏழு."

இருபத்து நான்கும் முடிந்தபோது வெள்ளம் தொட்டிலைத் தொட்டிருந்தது. மல்யொன் கருவாட்டை எடுத்து வந்து தானே கட்டினாள். துமான் எஞ்சினுக்கு முன்னால் மண்டியிட்டு, "பூட்டினது என் கை. குறை இருந்தா என்கிட்டக் கேளு, கடல்ல கேக்காத" என்றார். கில்சூ அவர் தோளைத் தொட்டுவிட்டு மேலே போனான்.

துமான் மல்யொன்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தக் கயிறு... அதையும் எடுத்துட்டுப் போம்மா."

மல்யொன் ஏணியோரம் இருந்த பையைத் தூக்கிக் காட்டினாள். கயிறு உள்ளே சுருண்டு கிடந்தது. அவசரமாக அவிழ்த்து வந்திருக்கிறாள். துணி மாட்டுகிற கிளிப் இரண்டு அதில் அப்படியே இருந்தன.

"நேத்தே எடுத்துட்டேன்" என்றாள்.